பள்ளி என்ற சொல்லுக்கு உறக்கம் என்றும் பொருள்: மதுரைத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், தாளாளர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இ.இ.ஜி. எடுப்பவள். தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் வேலை. 22 வருடமாக இதையேதான் செய்கிறேன். பதிவைப் படித்து என்ன நோய் என்று சொல்வது நரம்பியல் டாக்டரின் பொறுப்பு. பதிவு ஓடும் நேரம் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்து, ஒரு மூளை விழிப்பிலிருந்து தூக்கத்துக்குப் போவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது என் பொறுப்பு. அப்படிப் பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் மகளும் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வலிப்பு இருக்குமோ என்று சந்தேகம் வரும்போது, சில சமயம் தூக்கத்தைக் குறைத்துவிட்டு இ.இ.ஜி. எடுக்கச் சொல்வார் டாக்டர். தூக்கம் கெட்ட மூளையில் வலிப்பின் அறிகுறி சுலபமாக வெளியே வந்துவிடும். அதற்காக முந்தைய நாளே வீட்டாரிடம் நான் சொல்லி அனுப்புவது இதுதான்: "ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கட்டும். காலையில நாலு மணிக்கு எழுப்பிடுங்க. அப்புறம் இங்க வர்ற வரைக்கும் கண் அசர விடாதீங்க. தலைக்குக் குளிக்க வச்சு, எண்ணெய் தேய்க்காம கூட்டிட்டு வாங்க."

சில வாரங்களுக்கு முன் ஒரு தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்னார்: "அதுக்கென்னம்மா, எம் புள்ளைக்கு ஹாஸ்டல்ல தெனமும் அப்படித்தான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். பதினோரு மணி வரை ஸ்டடி அவர், அதற்குப் பிறகு ரெக்கார்டு நோட்டு எழுதிவிட்டுப் படுக்க மணி பன்னிரண்டாகும், காலை நாலரைக்கு விசில் என்று விளக்கமாகவும் சொன்னார். ஒரு மூளையைத் தொந்தரவு செய்து, அதற்குள் நோய் ஒளிந்திருந்தால் வெளியே வரட்டும் என்று நாங்கள் ஒரே ஒரு நாளுக்குக் கொடுக்கிற கால அட்டவணை அது. அதையே ஜூன் தொடங்கி மார்ச் வரை ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். யார் என்று தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஈரம் சரியாகக் காயாத முடியில் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தாள். பூவை எடுத்துவிடும்மா என்றேன். எடுத்து என் மேஜையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரை டேப் வைத்து அளந்து, பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்துக் குறி போட்டு, பசை வைத்து 21 மின்முனைகளையும் ஒவ்வொன்றாக ஒட்டினேன். முடிப்பதற்குள் இரண்டு முறை அவள் தலை என் கையில் சாய்ந்துவிட்டது. "தூங்கலக்கா, சும்மா கண்ணை மூடினேன்" என்றாள். யாரோ திட்டிவிடுவார்கள் என்று பயந்த குரல்.

விளக்கை அணைத்து, இப்போது நிஜமாகவே கண்ணை மூடு என்றேன். கண்ணை மூடி, விழித்தபடி அமைதியாக இருக்கும்போது பின்மண்டைப் பக்கம் ஆல்ஃபா அலை எழும். விநாடிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று ஏற்ற இறக்கம், பார்க்கச் சீப்பின் பல் மாதிரி ஒழுங்காக இருக்கும். மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர். யேனா நகரத்தில் 1924இல் பதிவு செய்துவிட்டு, தான் கண்டது சரிதானா என்று திரும்பத் திரும்பச் சோதித்து, 1929இல்தான் வெளியிட்டார். அந்த ஆல்ஃபா, நன்றாகத் தூங்கி எழுந்து வருகிறவர்களிடம் பல நிமிடம் நிற்கும். புது இடம், தலை முழுக்க வயர், உடனே தூக்கம் வராது. இந்தப் பெண்ணிடம் அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சீப்பின் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கோடு தட்டையானது. அப்புறம் மெதுவான சின்ன அலைகள். இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் கதிர்கள் வந்துவிட்டன.

கதிர் என்று நான் சொல்வது, ஆங்கிலத்தில் ஸ்பிண்டில் என்று பெயர் வைத்த அலைக்கூட்டத்தை. செல்லூர்ப் பக்கம் தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதே இல்லை. நூல் சுற்றிய தார் எப்படி நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் ஒடுங்கியிருக்குமோ அதே வடிவம். விநாடிக்குப் பதினொன்று முதல் பதினாறு வரை துடிக்கும். அரை விநாடி, ஒரு விநாடி, சில சமயம் இரண்டு விநாடி நீடித்து மறையும். மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியிலிருந்து புறப்பட்டு வருகிறது. கதிர் வந்துவிட்டால் ஆள் தூங்கியாயிற்று, சந்தேகமே வேண்டாம். இன்னும் ஆழமாகப் போனால் பெரிய, மெதுவான அலைகள் வரும். அவை விநாடிக்கு ஒன்றுதான், மிஞ்சினால் இரண்டு. திரையில் மேலும் கீழும் முட்டுகிற அளவுக்கு உயரமாக இருக்கும்.

அந்த நேரத்தில் அவள் தலைமாட்டில் நின்று பார்க்கும் எவரும், பிள்ளை சும்மா கிடக்கிறது, அரை மணி நேரம் வீண் என்றுதான் நினைப்பார்கள். திரையைப் பார்த்தால் அப்படி நினைக்க முடியாது.

பகலில் படித்தது தூக்கத்தில் என்ன ஆகிறது என்று ஆராயத் தொடங்கி நூறு வருடம் ஆகிறது. பெர்கர் முதல் அலையைப் பதிவு செய்த அதே 1924இல், அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டு மாணவர்களைப் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். படித்துவிட்டுத் தூங்கினால் எவ்வளவு நினைவிருக்கிறது, படித்துவிட்டு விழித்திருந்தால் எவ்வளவு என்று பார்த்தார்கள். தூங்கியபோது மறந்தது குறைவு. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வெளிக்குறுக்கீடு இல்லாததால் இருக்கலாம் என்று பலர் விட்டுவிட்டார்கள்.

ஏன் என்பதற்கு வலுவான தடயம் எலிகளிடமிருந்து கிடைத்தது. மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. புதிதாகக் கற்பது முதலில் தங்குமிடம் அதுதான். எலி ஓர் இடத்தைக் கடக்கும்போது அங்கே ஒரு குறிப்பிட்ட நியூரான், அதாவது நரம்புச் செல், துடிக்கும், அடுத்த இடத்துக்கு வேறொன்று. மெல்லிய கம்பிகளை உள்ளே வைத்து இதைப் பதிவு செய்துகொண்டிருந்த வில்சனும் மெக்நாட்டனும், எலி ஓடும்போது சேர்ந்து துடித்த நியூரான்கள், பிறகு அது தூங்கும்போதும் சேர்ந்து துடிப்பதைக் கண்டு 1994இல் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், ஓடிய வரிசையிலேயே, ஆனால் பல மடங்கு வேகமாக அது ஓடுவது தெரிந்தது. தூங்கும் எலி, பகலில் ஓடிய பாதையை மறுபடி ஓடிப் பார்க்கிறது. ஹிப்போகாம்பஸில் எழும் சிற்றலை, அதன்மேல் கதிர், கதிரைச் சுமக்கும் மெது அலை, இந்த மூன்றும் காலம் தவறாமல் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் புது நினைவு, நீண்டகாலச் சேமிப்பான மூளைப் புறணியில் மெல்ல மெல்லப் பதிகிறது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அந்தச் சிற்றலையை மட்டும் குறிவைத்துக் கலைத்தபோது எலிகள் பாடத்தை மோசமாகக் கற்றன என்று 2009இல் காட்டினார்கள்.

மனிதர்களிடம் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். மேஜையில் கிடந்த அந்த ஒரு முழம் மல்லிகையைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் ப்யோர்ன் ராஷ், யான் போர்ன் முதலானோர் செய்தது, 2007இல் சயன்ஸ் இதழில் வந்தது. இரவு படுக்குமுன் இளைஞர்களுக்கு ஜோடிச் சீட்டுகளைக் காட்டி, எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நம் பிள்ளைகளும் விளையாடுகிற அதே ஞாபகச் சீட்டு விளையாட்டு. படிக்கும்போது அறையில் ரோஜா வாசனை. அப்புறம் தூங்க விட்டு, ஆழ்தூக்கத்தின் மெது அலைகள் திரையில் வந்ததும், அவர்களை எழுப்பாமல் அதே ரோஜா வாசனையை மூக்குக்கு அனுப்பினார்கள். காலையில் கேட்டால், வாசனை கிடைத்த இரவில் படித்ததில் 97 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கிடைக்காத இரவில் 86. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, தூக்கத்திலேயே அந்த வாசனைக்கு ஹிப்போகாம்பஸ் விழித்துக்கொண்டது தெரிந்தது. விழித்திருக்கும்போது வாசனை கொடுத்தால் இந்தப் பலன் இல்லை. கனவுகள் மிகுந்த ரெம் தூக்கத்தில் கொடுத்தாலும் இல்லை. ஆழ்தூக்கத்தில் மட்டும்தான். அங்கே ரோஜா. மதுரையில் செய்திருந்தால் மல்லிகையைத்தான் வைத்திருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு, பிள்ளைகள் படுக்கையில் சென்ட் அடிக்க யாரும் புறப்பட வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. நீங்கள் பகல் முழுக்கத் தொண்டை வலிக்க நடத்திய பாடத்தின் மீதி வேலை, இரவில் அந்தப் பிள்ளையின் மூளையில் நடக்கிறது. மறுநாள் நாலரைக்கு விசில் ஊதும்போது உங்கள் பாடத்தைத்தான் நீங்கள் பாதியில் நிறுத்துகிறீர்கள்.

"விடியக்காலம் படித்தால் மனதில் நிற்கும்" என்று நீங்கள் சொல்வீர்கள். என் அப்பாவும் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் என் அப்பா படித்த காலத்தில் எங்கள் ஊரில் எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். எட்டுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் எட்டு மணி நேரத் தூக்கம், தெளிந்த மூளை, சத்தமில்லாத வீடு. பதியாமல் என்ன செய்யும்? நாம் அந்தப் பழக்கத்தின் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் பிடித்து வைத்திருக்கிறோம்.

அந்தப் பின்பாதியில் எதை இழக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இரவுத் தூக்கம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முதல் சுற்றுகளில் ஆழ்தூக்கம் அதிகம். விடிய விடிய ஆழ்தூக்கம் குறைந்து, கதிர்கள் நிறைந்த நடுத்தரத் தூக்கமும் ரெம் தூக்கமும் கூடிக்கொண்டே போகும். ரெம் தூக்கத்தை 1950களின் தொடக்கத்தில் சிகாகோவில் கண்டுபிடித்தவர் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர். தன் எட்டு வயது மகன் தலையிலேயே மின்முனைகளை ஒட்டி, இரவெல்லாம் பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்த்தார். தூங்கும் பையனின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடின, மூளை அலையோ விழித்திருப்பவனுடையது மாதிரி இருந்தது. அவரும் அவருடைய பேராசிரியர் க்ளெய்ட்மேனும் 1953இல் இதை வெளியிடும் வரை, தூக்கம் என்றால் மூளை அணைந்து கிடப்பது என்றுதான் உலகமே நினைத்திருந்தது.

பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளைக்கு முன்னிரவின் ஆழ்தூக்கம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் அது எழுந்து நடமாடுகிறது, சாப்பிடுகிறது, கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம். அது பறிகொடுப்பது பின்னிரவை. ரெம் தூக்கத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்திருக்கிறது. நாம் கொடுப்பது நாலரை மணி நேரம்.

மறுநாள் புதுப் பாடம் ஏறுமா என்பதும் இதில் இருக்கிறது. 2007இல் மேத்யூ வாக்கரின் குழுவினர், ஒரு இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கும் தூங்கியவர்களுக்கும் ஸ்கேனருக்குள் வரிசையாகப் படங்களைக் காட்டினார்கள். பிறகு எல்லோரையும் இரண்டு இரவு வீட்டில் நன்றாகத் தூங்க விட்டு, எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்று சோதித்தார்கள். முன்னால் தூங்காமல் படம் பார்த்தவர்களுக்கு நினைவிருந்தது குறைவு. படம் பார்த்த நேரத்திலேயே அவர்கள் ஹிப்போகாம்பஸின் செயல்பாடு மங்கியிருந்தது. உள்ளேயே போகாததைப் பின்னால் தூங்கி மீட்க முடியவில்லை.

அப்புறம் அந்தச் "சில்லி மிஸ்டேக்". விடைத்தாளில் சிவப்பு மையில் நீங்கள் எழுதுகிற சொல். கூட்டலில் பிழை, மைனஸ் குறி விட்டுப்போனது, கேள்வியைத் தப்பாகப் படித்தது. கவனம் போதவில்லை என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வீர்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் நேச்சர் இதழில் ஒன்று எழுதினார்கள். நெடுநேரம் விழிக்க வைத்த எலிகள் கண் திறந்து சுறுசுறுப்பாகவே நடமாடின. ஆனால் மூளைப் புறணியில் அங்கங்கே சில நியூரான்கள் மட்டும் ஒரு கணம் அணைந்து, தூங்கிவிட்டு, மறுபடி எரிந்தன. சர்க்கரை உருண்டையை எட்டி எடுக்கும் வேலையில், அந்தக் கணத்தில் எலி கையைத் தவறவிட்டது. விழித்திருக்கும் மூளையின் ஒரு மூலை மட்டும் தூங்குகிறது. மைனஸ் குறியை விட்ட பிள்ளையைத் திட்டுமுன், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

தூக்கத்தில் மூளையின் கழிவு கழுவப்படுகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். 2013இல் எலிகளில் கண்டு சொன்ன முக்கியமான ஆய்வுதான் அதற்கு மூலம். 2024இல் அதற்கு நேர் எதிரான முடிவோடு இன்னொரு ஆய்வும் வந்துவிட்டது. அந்தச் சண்டை தீரும்வரை அதை வைத்து உங்களிடம் வாதாட மாட்டேன். அது இல்லாமலே சொல்வதற்கு வேண்டியது இருக்கிறது.

"சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் எங்கே படுக்கிறார்கள், போனை நோண்டுகிறார்கள்" என்பது அடுத்த பதில். பாதி உண்மை. மீதிப் பாதி அவர்கள் உடம்பில் இருக்கிறது. பருவ வயதில் உடலின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு நேரமாயிற்று என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின், சிறு பிள்ளைகளைவிட இவர்களுக்கு இரவில் தாமதமாகச் சுரக்கிறது. மேரி கார்ஸ்கடன் என்ற அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து நிறுவியது இது. அதனால் பதினாறு வயதுப் பிள்ளை பத்துக்கு முன் கண் அசராமல் இருப்பதும், காலையில் எழுப்ப முடியாமல் கிடப்பதும் சோம்பலோ திமிரோ இல்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014இல், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. சியாட்டில் நகரம் 2016இல் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50லிருந்து 8.45க்குத் தள்ளியது. பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்தையும் இரவில் கூடுதலாக விழித்தே கழிப்பார்கள் என்று அங்கேயும் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. பள்ளி நாள் இரவுகளில் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள்.

நம் ஊர்ப் பள்ளிகளின் அன்றாட நேரம் ஒன்பது, ஒன்பதரை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்கு முன்னால் ஆறரை மணிக்கு வைக்கிற ஸ்பெஷல் கிளாஸும், விடுதியின் நாலரை மணி விசிலும்தான் என் மன்றாட்டு. ஆறரை வகுப்பு என்றால் மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வரும் பிள்ளை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதல் பஸ் என்றால் நாலு மணிக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மகளோடு அம்மாவும் தூங்குவதில்லை.

அந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. மற்றவர்களின் மூளை அலையைப் பார்த்துப் பழகியவள், என் மகள் விஷயத்தில் ஆறு மாதம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். காலை நாலே முக்காலுக்குக் காபி டம்ளரோடு போய் நிற்பேன். எழவில்லை என்றால் ஈரக் கையால் முகத்தைத் துடைப்பேன். ஒரு நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே, "அம்மா, நான் தூங்கிட்டே படிக்கிறேன், என்னை விட்டுடேன்" என்றாள். அன்று டியூட்டிக்குப் போய்த் திரையில் கதிர்களைப் பார்த்தபோது எனக்கு வேலையே ஓடவில்லை. மறுநாளிலிருந்து எழுப்புவதை நிறுத்தினேன். மூன்றாம் நாள் அவள் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஸ்பெஷல் கிளாஸுக்கு வராவிட்டால் ஹால் டிக்கெட் கையெழுத்தின்போது பேச வேண்டியிருக்கும் என்றார்கள். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பேசிய ஆசிரியரும் அன்று காலை அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவராகத்தான் இருந்திருப்பார், குரலிலேயே தெரிந்தது.

அந்த உசிலம்பட்டிப் பெண்ணின் கதையை முடிக்கவில்லை. அவள் ஏன் வந்தாள் என்றால், இரண்டு மூன்று மாதமாகக் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறித்து விழுந்துகொண்டிருந்தது. டம்ளர் விழும். தோள் ஒரு வெட்டு வெட்டும். தூக்கக் கலக்கம், அஜாக்கிரதை என்று விடுதியில் திட்டியிருக்கிறார்கள். ஒரு திருப்புதல் தேர்வு அன்று காலை, முந்தைய இரவு சுத்தமாகத் தூங்காமல், குளியலறை வாசலில் முழு வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு இப்படித்தான் வரும். எழுந்த கொஞ்ச நேரத்தில் கை வெட்டி இழுப்பது அதன் அடையாளம். பிறவியிலேயே அதற்கான வாகு உடம்பில் இருக்கும், தூக்கமின்மைதான் அந்த நோயை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே படுத்திருப்பதைத் தட்டி எழுப்புகிற காரணங்களில் முதன்மையானது தூக்கம் கெடுவது. மருந்துக்குப் பெரும்பாலானவர்களிடம் நன்றாகக் கட்டுப்படும். மருந்துச் சீட்டைக் கொடுக்கும்போது டாக்டர் சேர்த்துச் சொல்வது, நேரத்துக்குத் தூக்கம். இனி அந்தப் பிள்ளைக்கு அது விருப்பம் இல்லை, மருந்து. உங்கள் விடுதியில் காலையில் கையிலிருந்து பொருள் தெறித்து விழும் பிள்ளை யாராவது இருந்தால், தயவுசெய்து திட்டாமல் நரம்பியல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

பதிவு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் அசையவில்லை. வெளியே அடுத்தவர் காத்திருந்தார், அவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு இன்னும் இருபது நிமிடம் அப்படியே விட்டேன். நான் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

தூங்கா நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சங்க காலத்திலேயே இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று பெயர் வைத்த ஊர். மாட்டுத்தாவணியில் விடிவதற்கு முன்பே பூ மூட்டை இறங்கும், ராத்திரி ஒரு மணிக்கும் சூடாக இட்லி கிடைக்கும். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் மூட்டை இறக்குபவர் பகலில் போய்ப் படுத்துவிடுகிறார். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பகலும் இல்லை. இதே ஊரில்தான் தினமும் இரவு நடை சாத்துமுன் சொக்கரின் பாதங்களைப் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பள்ளி என்ற சொல்லுக்கு உறக்கம் என்றும் பொருள் என்பதைத் தமிழாசிரியர்கள் இருக்கும் சபையில் நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்ச்சி சதவீதம் உங்கள் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பள்ளி ஆறு மணிக்கு வகுப்பு வைக்கும்போது நாம் வைக்காவிட்டால் பெற்றோரே வந்து சண்டை போடுவார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் ஒரு பள்ளிக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கூடுதல் வகுப்பு வேண்டும் என்றால் மாலையில் வையுங்கள், ஆறு மணிக்குள் முடித்து அனுப்புங்கள். விடுதியில் பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள், போனை ஒன்பதரைக்கே வாங்கி வையுங்கள், ஆறு மணிக்கு முன் விசில் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் மேஜையில் தலை சாய்க்க விட்டால் இன்னும் நல்லது. முழு இரவு விழித்துப் படித்தவனை மேடையேற்றிப் பாராட்டாதீர்கள், அதைப் பார்க்கிற மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதையே செய்கிறார்கள். எல்லாப் பள்ளியும் முடியாது என்றால் ஒரு பள்ளி, ஒரு வகுப்பு, இந்த ஒரு தேர்வு வரை செய்து பார்த்து, மதிப்பெண்ணை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளிக்கு வந்து பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டும் என்றால் என் விடுமுறை நாளில் வருகிறேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று, நோட்டீஸ் போர்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிய கால அட்டவணை ஒட்டுவீர்கள். காலை, மாலை, இரவு என்று கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பாடத்தின் பெயர் இருக்கும். அதன் கடைசியில் இன்னும் ஒரு கட்டம் போட்டு, இரவு 10 முதல் காலை 6 வரை தூக்கம் என்று எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கையெழுத்து இருந்தால் எங்கள் வீடுகளில் அதை யாரும் மீற மாட்டார்கள்.

இப்படிக்கு,
மதுரையில் இ.இ.ஜி. எடுக்கும் ஒருத்தி,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் அம்மா.